நண்டு கம்பெனிக் கணக்கப்பிள்ளையிடம் கேட்டவை: வெளிநாட்டு வணிகத் தகவலை இணையத்தில் எங்கே தேடுவது?

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் ஒரு நண்டு கம்பெனியில் பல வருஷம் கணக்கு எழுதினேன். வேலையை விட்ட பிறகும் கேள்விகள் என்னை விடவில்லை. பரமக்குடிப் பக்கத்து மிளகாய் வியாபாரி கேட்பார், பாசி வளர்க்கும் அக்கா கேட்பார், பொருளியல் படிக்கும் கல்லூரிப் பிள்ளைகள் கேட்பார்கள், விடுமுறையில் துபாயிலிருந்து கீழக்கரைக்கு வந்தவர் கேட்பார். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். தள முகவரிகளைத் தரவில்லை. பெயரைத் தேடல் பெட்டியில் அடித்தாலே வந்துவிடும்.

கூகுளில் போட்டால் எல்லாம் வருகிறதே, எந்தத் தளம் என்று எதற்குப் பார்க்க வேண்டும்?

2025 ஆகஸ்டில் நடந்ததைச் சொல்கிறேன். அமெரிக்கா நம் சரக்குக்கு வரி போட்டுவிட்டது என்று ஒரே நாளில் என் போனுக்கு நாலு செய்தி வந்தது. ஒன்றில் 25 சதவீதம், ஒன்றில் 50, இன்னொன்றில் இறாலுக்கு அறுபதைத் தொடும் என்று. நாலாவது, எல்லாம் ரத்து என்றது. இறால் பண்ணை வைத்திருக்கும் மச்சான் ஒருவர், குளத்தை இன்றைக்கே பிடித்துவிடவா என்று பதறிப்போய்க் கேட்டார்.

உட்கார்ந்து பார்த்தால், ரத்து என்றதைத் தவிர மற்ற மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. ஆகஸ்ட் 7 முதல் 25 சதவீதம், ஆகஸ்ட் 27 முதல் அதன்மேல் இன்னொரு 25. இறாலுக்கு 2005-லிருந்தே பொருள்குவிப்புத் தடுப்பு வரி (மலிவு விலையில் சரக்கைக் கொண்டுவந்து கொட்டுவதைத் தடுக்கும் வரி) வேறு இருக்கிறது, மானியத்தை ஈடுகட்டும் வரி ஒன்றும் பிறகு சேர்ந்தது. எந்த நாளிலிருந்து, எந்தப் பொருளுக்கு என்பதை விட்டுவிட்டு எண்ணை மட்டும் அனுப்பினால் அது வெறும் பீதி.

அமெரிக்க வரியை அமெரிக்க அரசிதழான ஃபெடரல் ரெஜிஸ்டரிலும், அவர்களுடைய சர்வதேச வணிக ஆணையம் வெளியிடும் சுங்க அட்டவணையிலும் காசில்லாமல் பார்க்கலாம். அந்த வரிகள் அதன்பிறகும் மாறின. அதனால் மேலே நான் எழுதிய சதவீதங்களை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், அங்கே போய்ப் பாருங்கள்.

சரி, முதலில் எந்தத் தளத்தைத் திறப்பது?

தளம் அப்புறம். முதலில் உங்கள் பொருளின் எச்எஸ் எண்ணைக் கண்டுபிடியுங்கள். பிரஸ்ஸல்ஸில் உள்ள உலக சுங்க அமைப்பு ஒவ்வொரு சரக்கு வகைக்கும் கொடுத்து 1988-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த வரிசை எண் இது. முதல் 6 இலக்கம் உலகம் முழுக்க ஒன்றுதான். அதற்குப் பின்னால் இந்தியா 2 இலக்கம் சேர்த்து 8 ஆக்கி வைத்திருக்கிறது. நாம் கூப்பிடும் பெயரைக் கொண்டு தேடினால் எந்தக் கணக்கும் பிடி கொடுக்காது, எண் இருந்தால் எல்லாக் கதவும் திறக்கும்.

பாசி வளர்க்கும் அக்கா ஒருவர், 'பெப்சி பாசிக்கு வெளிநாட்டில் என்ன விலை?' என்று கேட்டார். பெப்சி நிறுவனம் இங்கே வளர்ப்பைத் தொடங்கிவைத்ததால் ஊரில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. மண்டபத்தைத் தாண்டினால் யாருக்கும் தெரியாது. அறிவியல் பெயர் கப்பாபைகஸ் அல்வரேசி. எச்எஸ் கணக்கில் கடற்பாசி 1212-இன் கீழ் வருகிறது: மனிதர் சாப்பிடத் தக்கது 121221, மற்றவை 121229. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் மீன்வளக் கணக்கில் தேடுவதானால் அறிவியல் பெயர்தான் வேண்டும்.

எங்கள் கம்பெனிச் சரக்கிலேயே இதைவிடப் பெரிய குழி ஒன்று உண்டு. உறைய வைத்த முழு நண்டு 030614. அதே நீலக்கால் நண்டை அவித்து, ஓடு நீக்கி, சதையைத் தகர டப்பாவில் அடைத்துச் சூடேற்றிப் பதப்படுத்தினால் அது 3-ஆம் அத்தியாயத்தை விட்டு 16-ஆம் அத்தியாயத்துக்கு, 160510-க்குப் போய்விடும் (எண்ணின் முதல் 2 இலக்கம்தான் அத்தியாயம்). 'இந்தியாவிலிருந்து நண்டு அவ்வளவாகப் போவதில்லையே சார்' என்று ஒரு மாணவி ஆய்வுக் கட்டுரையோடு வந்தாள். 0306-ஐ மட்டும் கூட்டியிருந்தாள். கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து பெண்கள் பிரித்தெடுத்த சதை அத்தனையும் அவள் கட்டுரைக்கு வெளியே நின்றது.

இந்தியா எதை, எவ்வளவு ஏற்றுமதி செய்கிறது என்பதற்கு எது மூலம்?

மத்திய வணிக அமைச்சகத்தின் ஏற்றுமதி இறக்குமதித் தரவு வங்கி. 8 இலக்க எண்ணைப் போட்டால் எந்த நாட்டுக்கு எவ்வளவு என்று வருஷ வாரியாகக் காட்டும். சுங்கத்தில் பதிவான பில்களைக் கொல்கத்தாவில் உள்ள வணிகப் புள்ளிவிவரத் தலைமை இயக்ககம் தொகுத்துத் தருகிறது. மாதாந்திரத் தொகை அடுத்த மாதம் 15-ஆம் தேதி வாக்கில் வெளியாகும். பத்திரிகைத் தகவல் அலுவலகம் தமிழிலும் செய்திக்குறிப்பு போடுகிறது.

கடல் சரக்குக்குத் தனியாக எம்பெடா. 1972-இல் தொடங்கிய கடல்சார் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம், தலைமையகம் கொச்சி. மிளகாய்க்கு அதே கொச்சியில் உள்ள மசாலா வாரியம்.

எம்பெடா கணக்கைப் பார்க்கும்போது எடை, பணம் என்ற இரண்டு வரிசையையும் சேர்த்தே பாருங்கள். 2022-23-இல் 17,35,286 டன் போனது, மதிப்பு 63,969 கோடி ரூபாய். 2023-24-இல் 17,81,602 டன், 60,524 கோடி. சரக்கு கூடியது, வரவு குறைந்தது. முதல் வரிசையை வைத்து 'ஏற்றுமதி சாதனை' என்று தலைப்புப் போடலாம், இரண்டாவதை வைத்து 'ஏற்றுமதி சரிவு' என்றும் போடலாம். இரண்டும் பொய்யில்லை. கிலோவுக்குக் கிடைத்த காசு குறைந்தது என்பதுதான் கரையில் நிற்பவருக்கு வேண்டிய செய்தி. அதைத் தலைப்பு சொல்லாது, நீங்கள்தான் வகுத்துப் பார்க்க வேண்டும்.

ராமநாதபுரம் மாவட்டத்துக்கு மட்டும் கணக்கு கிடைக்குமா?

கொஞ்சம் கஷ்டம். நம் சரக்கு தூத்துக்குடி, கொச்சி, சென்னை வழியாகப் போகிறது. துறைமுக வாரிக் கணக்கில் அது அந்தத் துறைமுகத்தின் பெயரில்தான் ஏறும். சரக்கு எந்த மாவட்டத்தில் உருவானது என்று ஷிப்பிங் பில்லில் (ஏற்றுமதிக்காகச் சுங்கத்தில் பதியும் பில்) இப்போது கேட்கிறார்கள், அதிலிருந்து மாவட்ட எண்ணும் எடுக்கிறார்கள். ஆனால் பாம்பனில் ஏலம் போன கணவாய் வேறு மாவட்டத்து ஆலையில் உறைந்து பெட்டிக்குள் போனால், பில் எழுதுபவர் எந்த ஊரைப் போடுவார் என்பது அவர் கையில். மாவட்டக் கணக்கை ஒரு கண்ணாடியாக மட்டும் பாருங்கள், தராசாக நினைக்க வேண்டாம்.

(ஒரு காலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. 1964 டிசம்பர் புயல் அடிக்கும்வரை தனுஷ்கோடியிலேயே சுங்க அலுவலகம் இருந்தது, தலைமன்னாருக்குக் கப்பல் இருந்தது.)

மற்ற நாடுகள் யாரிடம் வாங்குகின்றன என்று எப்படிப் பார்ப்பது?

மூன்று இடம் போதும். ஐ.நா.வின் காம்ட்ரேட்: 1962 முதலான கணக்கு, நாடுகள் தாங்களே கொடுத்தது. உலக வங்கியின் விட்ஸ்: அதே கணக்கோடு சுங்க வரியும் சேர்ந்தது. ஜெனீவாவில் உள்ள சர்வதேச வணிக மையத்தின் ட்ரேட் மேப்: மூன்றிலும் கண்ணுக்கு எளிதானது, புதியவர்களை நான் அங்கேதான் அனுப்புவேன்.

ட்ரேட் மேப்பில் நான் ஒரு தடவை நன்றாக மூக்குடைபட்டேன். ஒரு நாடு வாங்கும் நண்டுச் சதையின் மதிப்பைப் பார்த்துவிட்டு, 'அண்ணே, இது சின்னச் சந்தை, நமக்குக் கட்டாது' என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தார். 'மேலே என்னமோ எழுதியிருக்கே தம்பி, அதைப் படி' என்றார். அட்டவணைக்கு மேலே பொடி எழுத்தில் 'ஆயிரம் அமெரிக்க டாலரில்' என்று இருந்தது. மூன்று சைபரை விழுங்கியிருந்தேன். அவர் திட்டவில்லை. டீ வாங்கிவரச் சொன்னார், அது அதைவிட மோசம்.

இரண்டு தளத்தில் இரண்டு எண் வருகிறது. எது பொய்?

பெரும்பாலும் இரண்டும் மெய். கரையில் நண்டுக் கூடையைத் தராசில் வைக்கும்போது தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும். அதே கூடை கம்பெனி வாசலுக்கு வரும்போது நீர் வடிந்திருக்கும், எடை குறையும். கரைக்காரர் திருடவில்லை, கம்பெனிக்காரரும் திருடவில்லை. இரண்டு இடத்தில், இரண்டு நேரத்தில் நிறுத்தார்கள். நாடுகளின் கணக்கும் அப்படித்தான்.

ஏற்றுமதி செய்யும் நாடு பொதுவாகக் கப்பலில் ஏற்றும்வரை உள்ள மதிப்பை எழுதும், அதற்கு எஃப்ஓபி என்று பெயர். இறக்குமதி செய்யும் நாடு கப்பல் கூலியையும் காப்பீட்டையும் சேர்த்து எழுதும், அது சிஐஎஃப். ஆகவே இங்கிருந்து கொழும்புக்குப் போன மிளகாய் இந்தியக் கணக்கில் குறைவாகவும் இலங்கைக் கணக்கில் கூடுதலாகவும் இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அடுத்து வருஷம். நம் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. காம்ட்ரேட் பெரும்பாலும் ஜனவரி முதல் டிசம்பர் என்று காட்டும். எம்பெடாவின் 2023-24-ஐயும் காம்ட்ரேட்டின் 2023-ஐயும் பக்கத்தில் வைத்துவிட்டுக் குழம்புகிறவர்கள் வாரத்துக்கு ஒருவராவது வருகிறார்கள்.

அப்புறம் வழியில் மாறும் சரக்கு. துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போய், அங்கிருந்து மூன்றாவது நாட்டுக்கு மறுஏற்றுமதியாகும் சரக்கை, நம் பில் துபாய் என்றே சொல்லக்கூடும். கடைசியில் வாங்கியவர் அதை இந்தியச் சரக்கு என்று தன் கணக்கில் எழுதுவார். அந்த நாட்டோடு நமக்கு வணிகமே இல்லை என்று ஒரு பக்கம் காட்டும், மறுபக்கம் நிறைய இருக்கும்.

எண்ணின் பெயரும் ஆளைக் கவிழ்க்கும். ஒரு மில்லியன் 10 லட்சம், ஒரு பில்லியன் 100 கோடி. ரூபாய்க் கணக்கை டாலராக்கும்போது இன்றைய விலையால் வகுக்காதீர்கள், அந்த வருஷத்து விலை வேண்டும். ரிசர்வ் வங்கியின் தரவுத்தளத்தில் பழைய மாற்று விகிதங்கள் எல்லாம் இருக்கின்றன.

வரிச் சலுகை ஒப்பந்தம் இருக்கிறது என்கிறார்கள். என் பொருளுக்கு உண்டா?

வணிக அமைச்சகத்துக்காக ஏற்றுமதியாளர் கூட்டமைப்பு நடத்தும் இந்தியன் ட்ரேட் போர்ட்டலில் எச்எஸ் எண்ணையும் நாட்டையும் கொடுங்கள். சாதாரண வரி, சலுகை வரி இரண்டையும் காட்டும். இலங்கையோடு செய்த ஒப்பந்தம் 2000 மார்ச் 1 முதலும், ஐக்கிய அரபு அமீரகத்தோடு செய்தது 2022 மே 1 முதலும் நடப்பில் உள்ளன. ஒப்பந்தம் இருப்பதாலேயே உங்கள் பொருளுக்குச் சலுகை வந்துவிடாது, விலக்குப் பட்டியல் என்று ஒன்று கூடவே வரும். அதில் உங்கள் எண் இல்லை என்று பார்த்த பிறகு பிறப்பிடச் சான்றிதழை, அதாவது சரக்கு இந்த நாட்டில்தான் உருவானது என்ற சான்றைப் பற்றி யோசிக்கலாம்.

உலக வணிக அமைப்பில் ஆமை வழக்கில் இந்தியா ஜெயித்ததே, அப்புறம் ஏன் அமெரிக்கா கடல் இறாலுக்கு முட்டுக்கட்டை போடுகிறது?

விசைப்படகுக்காரர்கள் கேட்கும் கேள்வி. ஜெயித்ததும் உண்மை, முட்டுக்கட்டையும் உண்மை. வலையில் கடலாமை சாகாமல் தப்பிக்க வழி இல்லாத நாட்டிலிருந்து, கடலில் பிடித்த இறாலை வாங்குவதில்லை என்று அமெரிக்கா 1989-இல் சட்டம் போட்டது. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நாலும் சேர்ந்து வழக்குப் போட்டன. வழக்கு எண் 58. மேல்முறையீட்டு அமைப்பு 1998 அக்டோபரில் அமெரிக்காவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. ஆனால் ஆமையைக் காப்பது தவறு என்று அது சொல்லவில்லை. ஒரு நாட்டுக்கு ஒரு நியாயம், இன்னொரு நாட்டுக்கு வேறு நியாயம் என்று சட்டத்தை நடத்திய விதம்தான் தவறு என்றது. அமெரிக்கா நடைமுறையைத் திருத்திக்கொண்டது. மலேசியா மறுபடி கேட்டபோது 2001-இல் அந்தத் திருத்தம் செல்லும் என்று சொல்லிவிட்டார்கள். சட்டம் அப்படியே இருக்கிறது. பண்ணை இறாலுக்கு இந்த ஆமைப் பிரச்சினை இல்லை.

இதெல்லாம் உலக வணிக அமைப்பின் தளத்தில் அந்த வழக்கு எண்ணுக்குக் கீழே சுருக்கமாகவே இருக்கிறது, இரண்டு பக்கம்கூட வராது. முழுத் தீர்ப்பைப் படிக்க வக்கீல் வேண்டும். சுருக்கத்தைப் படிக்கப் பொறுமை போதும்.

இங்கிலீஷ் தடுமாறுகிறது. தமிழில் நம்பத்தக்கதாக ஏதாவது உண்டா?

உண்டு, அதுவும் எதிர்க்கரையிலேயே. இலங்கையில் தமிழ் ஆட்சிமொழி. அதனால் இலங்கை மத்திய வங்கியின் தளம் தமிழில் இருக்கிறது, அதன் முக்கிய அறிக்கைகளும் தமிழில் வருகின்றன. ஒரு நாட்டின் மத்திய வங்கி பணவீக்கத்தையும் கடனையும் ஏற்றுமதியையும் பக்கம் பக்கமாகத் தமிழில் எழுதுவதைப் படிக்க வேண்டுமானால், எனக்குத் தெரிந்து அதைவிட நல்ல இடம் இல்லை. 2022 ஏப்ரல் 12-இல் வெளிக்கடன் கட்டுவதை நிறுத்துவதாக அறிவித்த நாடு அது. அந்த ஆண்டு செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைவாசி முந்தைய ஆண்டைவிட 69.8 சதவீதம் கூடியிருந்தது. ராமேஸ்வரத்துக்குப் படகில் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்களே, அந்த மாதங்களின் கணக்கு முழுவதும் அங்கே இருக்கிறது.

சொற்கள் கொஞ்சம் மாறும், பயப்பட வேண்டாம். நாம் அரசிதழ் என்பதை அவர்கள் வர்த்தமானி என்பார்கள். கருவூலம் திறைசேரி ஆகும். நம் பாடநூலில் செலுத்துநிலை என்று படித்தது அங்கே சென்மதி நிலுவை. 'சென்மதி' என்ற சொல்லை முதலில் பார்த்தபோது ஏதோ ஜாதகச் சமாசாரம் என்று நினைத்தேன். செலுத்த வேண்டிய பணம், அவ்வளவுதான்.

இந்தப் பக்கத்தில், தமிழ்நாட்டு 12-ஆம் வகுப்புப் பொருளியல் புத்தகத்தைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள். இலவசம். பன்னாட்டுப் பொருளியலுக்கும் உலக வங்கி, பன்னாட்டு நிதியம் போன்ற அமைப்புகளுக்கும் தனித்தனிப் பாடம் இருக்கிறது. பள்ளிக்கூடப் புத்தகம்தானே என்று இளக்காரமாக நினைப்பவர்களிடம் எஃப்ஓபி என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள்.

வெளிநாட்டில் நம் சரக்கைத் திருப்பி அனுப்பினார்களாம். நிஜமா என்று எங்கே பார்ப்பது?

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், மறுத்த சரக்குகளின் பட்டியலை நாடு வாரியாக, காரணத்தோடு வெளியிடுகிறது. ஐரோப்பாவுக்கு ராஸ்ஃப் என்ற எச்சரிக்கைப் பலகை. இறால் என்றால் ஆன்டிபயாடிக் எச்சம், மிளகாய் என்றால் அஃப்ளடாக்ஸின் என்ற பூஞ்சை நஞ்சு. இரண்டு மாதம் தொடர்ந்து பார்த்தாலே எதற்குப் பயப்பட வேண்டும் என்று புரிந்துவிடும்.

ஏற்றுமதி உரிமம் எடுத்துத் தருகிறோம் என்று ஒரு தளம் பணம் கேட்கிறது. கட்டலாமா?

என் சித்தப்பா மகன் கட்டினான், ஆறாயிரம். ஐஇசி எனும் ஏற்றுமதி இறக்குமதி எண்ணுக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய்தான். வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்ககத்தின் தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். பான் எண்தான் ஐஇசி எண்ணாக வரும். ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விவரத்தை ஒருமுறை உறுதிப்படுத்த வேண்டும், அதற்குக் காசில்லை. முகவரியின் கடைசியில் 'கவ் டாட் இன்' இருக்கிறதா என்று பாருங்கள். சிங்க முத்திரையை யார் வேண்டுமானாலும் ஒட்டிவிடலாம்.

முன்பின் தெரியாத வெளிநாட்டு வாங்குபவர் பெரிய ஆர்டர் தந்தால், சரக்கு அனுப்புவதற்கு முன் இசிஜிசியிடம் கேளுங்கள். ஏற்றுமதிக் கடனுக்குக் காப்பீடு தரும் அரசு நிறுவனம் அது. அவர்கள் காப்பீடு கொடுக்கத் தயங்கும் ஆளிடம் நீங்கள் எதற்குக் கடன் வைக்க வேண்டும்?

வெளிநாட்டுத் தளத்தில் கடல் அட்டை விலை பார்த்தேன். தங்க விலை போல இருக்கிறதே?

பார்த்ததோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 2001 முதல் கடல் அட்டை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடித்தாலும் வைத்திருந்தாலும் விற்றாலும் ஜெயில். இலங்கையில் உரிமத்தோடு நடக்கிறது என்பது நமக்கு உதவாது.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால் போதாதா?

எச்எஸ் எண் கேட்டேன், தயங்காமல் ஒன்றைச் சொன்னது. சுங்க அட்டவணையில் பார்த்தால் அது வேறு பொருள். எங்கே தேடுவது என்று கேளுங்கள், நன்றாகவே சொல்லும். எண்ணை மட்டும் அதனிடம் வாங்காதீர்கள்.

முண்டு மிளகாய்க்கு உலகச் சந்தை விலை எங்கே கிடைக்கும்?

அப்படி ஒரு விலை இல்லை. ராமநாதபுரம் முண்டுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் எச்எஸ் கணக்குக்கு அது தெரியாது. காய்ந்த முழு மிளகாய் 090421, பொடி 090422. குண்டூர் மிளகாயும் நம் முண்டும் அதில் ஒன்றுதான். உலக வங்கி மாதாமாதம் வெளியிடும் பிங்க் ஷீட் என்ற விலைப்பட்டியலில் இறால் இருக்கிறது, மிளகாய் இல்லை. உள்ளூர் வரத்தும் விலையும் அக்மார்க்நெட் தளத்தில் சந்தை வாரியாக வரும், குறைந்த விலை, கூடிய விலை, பரவலான விலை என்று மூன்று பத்தியாக. அதில் மூன்றாவதைப் பாருங்கள். கூடிய விலை யாரோ ஒருவருடைய ஒரு மூட்டைக்குக் கிடைத்தது. வியாபாரி போனில் சொல்வதும் எப்போதும் அதைத்தான்.